குழாய் வாயில் பனியன் துணி

2007 அக்டோபர் 3, புதன்

காலையிலிருந்து கொளுத்தும் வெயில். சாயங்காலம் வடக்கே லேசான மின்னல். மழை இல்லை. செய்ய வேண்டியது: புளி காய வைக்க, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல, மொட்டை மாடி கூட்ட, வாயை அடக்க.

கடைசி வேலை நடக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வந்து முகம் கூடக் கழுவவில்லை, சேவூரிலிருந்து போன். கவிதாவின் மாமியார், சம்பந்தியம்மா. (இனி சம். என்றே எழுதுகிறேன், கை வலி.) கட்டுச்சோற்றுக்கு நாள் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒன்பதாம் மாசம் நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போய் அங்கே எல்லோருக்கும் விருந்து வைத்து, மகளைக் கையோடு அழைத்து வந்துவிடவேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். என் அம்மா எனக்குச் செய்தார், நான் கவிதாவுக்குச் செய்யவேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது?

இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. போன ஐப்பசில நான் வந்தப்போ உங்கூட்டு வடக்கால ரூமுல கட்டலு மேலயே பேசினு வெச்சிருந்தீங்க. பச்சக் கொழந்தைய அங்க எப்படீங்க போடறது? கவிதா இங்கயே இருந்துக்கட்டும். பிரசவத்த நாங்களே பாத்துக்கறோமுங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என் கன்னத்தில் அறைந்ததில்லை.

நான் சொன்னது: "மழை பேயட்டுமுங்க. நீங்களே வந்து உக்காந்து பாருங்க. ஒரு சொட்டு உழுந்துதுன்னா கவிதா அங்கயே இருக்கட்டும். நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு நேராக வடக்கு ரூமுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வருசா வருசம் ஒழுகுகிற வீடு. நானும் எங்கூட்டுக்காரரும் ஓ.டி. பார்த்துப் பார்த்துக் கட்டிய, தளம் போட்ட தார்சு வீடு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மறு வருசமே வடக்கு ரூமில் சொட்டு.

கொஞ்ச நேரம் கழித்துக் கவிதாவே பேசினாள், குரலை அடக்கிக்கொண்டு. "அம்மா, நான் இங்க என்னத்தச் சொல்றது? நீ அந்த ரூமை மட்டும் எப்படியாச்சும் சரி பண்ணு. எனக்கு நம்மூட்டுக்கு வரோணும்."

சரி கண்ணு என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 7, ஞாயிறு

வெயில், காற்று. இடது முழங்கால் வலி.

அவருடைய வருடாந்திரத் திருவிழா இன்று. கட்டிங் மாஸ்டர் அல்லவா, பனியன் துணியைத் தவிர வேறு மருந்து உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை மூட்டையாகக் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் பனியன் துணி இருக்கும் இடங்கள்: காப்பி வடிகட்டி, தலையணைக்குள், டி.வி. மேல், டி.வி.எஸ். வண்டி சீட்டின் மேல், கதவுக்கு அடியில், என் சுருக்குப் பையில், அவர் சட்டைக் காலருக்குள். யார் வீட்டுக்குப் போனாலும் பழம் வாங்குகிறாரோ இல்லையோ, ஒரு பை துண்டுத்துணி எடுத்துக்கொண்டு போவார். போன தீபாவளிக்குச் சேவூருக்கும் கொண்டு போனார். எனக்கு மானம் போயிற்று. சம். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

இன்று மாடியில் விரிசல் விட்ட இடமெல்லாம் கத்திரி முனையால் துணியைத் திணித்து, மேலே சிமென்ட் பால் ஊற்றினார். போன வருசமும் இதேதான். அதற்கு முந்தின வருசமும்.

"ஏனுங்க, இதையே பண்ணிப்பண்ணி ஒழுகறது நின்னுச்சா?"

"போன வருசம் சிமென்ட் பழசு. இது புதுசு பாரு."

இந்த மனுசனை என்ன செய்வது?

மத்தியானம் கொத்தனார் செல்வராஜ் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், திருப்பூருக்கு வந்து வருசக் கணக்காகிறது, பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறது. மாடியில் நாலு தட்டு தட்டிப் பார்த்தார். "எக்கா, நான் சொல்லுதேன் கேளுங்க. தளத்துல பதிச்ச தட்டோடு பூராத்தையும் பேத்து எடுத்துட்டு புதுசா போடணும். இது ஒட்டு வேலைக்கு அடங்காது." மழைக்கு முன்னால் முடியுமா என்றால், "மழைக்குப் பெறவு பாத்துக்கிடலாம்" என்கிறார். எனக்கு மழைக்குப் பிறகு வேண்டாம். மழையில் வேண்டும்.

காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 10, புதன்

மேகமூட்டம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர்: "அக்கா, பைய மடில வெச்சுக்கிட்டா இன்னொரு ஆள் ஏறலாம்." "மடியே இல்லாம நிக்கறேன், எங்கீங்க வெக்கறது?" பஸ்ஸே சிரித்தது.

செக்கிங் டேபிளில் இன்று ஒரு விசயம். குழந்தை டி-சர்ட், பீஸ் பீஸாக ஒரே இடத்தில் ஓட்டை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஓட்டை விழுந்ததையெல்லாம் தனியே எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் கத்தினேன். "ஓட்டைய எண்ணிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? துணிய எடுத்துட்டு மெசினுக்குப் போங்க. ஊசி மழுங்கியிருக்கும்." போய்ப் பார்த்தால் ஊசி மழுங்கித்தான் இருந்தது. மாற்றியதும் ஓட்டை நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் கையைக் கழுவும்போது திடீரென்று மண்டையில் உறைத்தது. நானும் அவரும் வருசக் கணக்காக ஓட்டையைத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறோம்? ஊசி எங்கே?

இன்னொன்றும் யோசித்தேன். மழை பெய்யும்போது வடக்கு ரூம் ஒழுகவே ஒழுகாது. மழை நின்று, வெளியே போய்த் துணி எடுத்துப் போடும் நேரத்தில்தான் சொட்ட ஆரம்பிக்கும். ஏன்? இதை இத்தனை நாள் ஏன் யோசிக்கவில்லை? ஓட்டை வழியாக என்றால் மழையோடு சேர்ந்தல்லவா ஒழுகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

வானம் வெளுப்பு. ஆனால் நான் மழை பெய்ய வைத்தேன்.

மோட்டார் போட்டு, ஹோஸைப் படி வழியாக மாடிக்கு இழுத்து, தெற்கு ஓரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் கீழேயிருந்து, "ஏன் சரசு, மாடில நாத்து நடறயா?" என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் பின்னாலேயே நடந்தேன்.

தண்ணீர் நன்றாகவே ஓடியது. வாட்டம் சரி. வடக்கு மூலையில் கீழே இறங்கும் குழாய் வரைக்கும் ஓடியது. அங்கே போய் நின்றுவிட்டது. நின்று, பரவி, கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குளமாகி, என் கணுக்கால் வரை வந்தது. குழாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

கையை விட்டுத் துழாவினேன். குழாய் வாயில் பனியன் துணி. இறுக்கிக் கட்டி, நாடா போட்டு முடிச்சு. அதன் மேல் பஞ்சு. பக்கத்து வீட்டில் துணி பின்னும் நிட்டிங் மெசின் ஓடும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளுகிற பஞ்சுதான். தண்ணீரில் ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, பழைய கம்பளி கணக்காகப் படிந்திருந்தது. முழுசாக உரித்து எடுத்தேன். அவ்வளவுதான், குளம் 'களக் களக்' என்று குழாய்க்குள் இறங்கியது. அந்தச் சத்தம் இருக்கிறதே! கெட்டிமேளம் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இதோடு விடவில்லை. அந்த மூலையில் அவர் விரிசலில் திணித்திருந்த துணியையும் கொக்கிக் கம்பியால் பிடித்து இழுத்தேன். போன வருசத் துணி, முந்தின வருசத் துணி, வரிசையாக வந்தது. மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே ஈரம். திரி போட்டு எண்ணெயை உறிஞ்சுவது போல, தேங்கிய தண்ணீரைத் துணியே உறிஞ்சிக் கீழே வடக்கு ரூமுக்குக் கொடுத்திருக்கிறது. மழை நின்ற பிறகு சொட்டுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? தேங்கின தண்ணீர் ஆற அமர ஊறி இறங்கியிருக்கிறது.

அவரைக் கூப்பிட்டேன். வந்தார். கையில் இருந்த துணியைக் காட்டினேன். ஆரஞ்சில் நீலக் கோடு போட்டது.

"இதைக் குழாய் வாய்ல யாருங்க கட்டுனது?"

"நாந்தான். பஞ்சு போயி குழாய் அடச்சுக்கப் போவுதேன்னு..."

"குழாய் அடைக்கலீங்க. ஊட்டையே அடச்சுட்டீங்க."

துணியை வாங்கிப் பிழிந்து விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நல்ல துணி சரசு. நூறு பர்சென்ட் காட்டன்" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

இவ்வளவு சந்தோசம் எனக்கு எப்போது வந்தது? சூபர்வைசர் ஆக்கிய அன்று கூட இல்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

தூறல் போல் வந்து ஏமாற்றியது. பழைய காய்க்கூடை ஒன்று தேடி எடுத்தேன், பிளாஸ்டிக், பெரிய ஓட்டை. குழாய் வாயில் கவிழ்த்து மேலே செங்கல் வைத்தால் போதும். பஞ்சு கூடைக்கு வெளியே நிற்கும், தண்ணீர் உள்ளே போகும். அடைத்தாலும் ஒரு பக்கம்தான் அடைக்கும். தினம் ஒரு தடவை கூட்டி எடுத்தால் ஆயிற்று.

பஞ்சு வருகிற இடத்தையும் விடக்கூடாது. வேலைக்குப் போகும் முன் பக்கத்து நிட்டிங்காரத் தம்பியிடம் போனேன். மெசின் சத்தத்தில் இருவரும் கத்தியே பேசினோம்.

"தம்பி, உங்க ஃபேன் தள்ற பஞ்சு பூரா எங்கூட்டு மாடிலதானுங்க வந்து உழுவுது."

"அக்கா, பஞ்சுன்னா பறக்கத்தானுங்க செய்யும். திருப்பூருல பஞ்சு உழுவாத ஊடு எதுங்க்கா?"

"எங்க ஊடுதானுங்க. இன்னியிலிருந்து."

சிரித்தார். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றார். நான் நகரவில்லை. கவிதா விசயத்தைச் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. "கவிதா புள்ள வருதுங்களா? அப்ப நாளைக்கே தகரம் அடிச்சுக் கீழாப்பல திருப்பி உட்டர்றேனுங்க்கா." சின்ன வயதில் அவளுடன் கண்ணாமூச்சி ஆடியவர்தானே.

அக்டோபர் 21, ஞாயிறு

நேற்று கம்பெனியில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல், எல்லா மெசினுக்கும் பொட்டு. என் கத்திரிக்கும் பொட்டு வைத்தேன். வரும்போது மாடிக் கூடைக்கும் ஒரு பொட்டு வைத்தேன், யாரும் பார்க்கவில்லை.

இன்று விஜயதசமி. நல்ல நாள் என்று கொத்தனாரை வரவழைத்தேன். தட்டோடு எதையும் பேர்க்கவேண்டாம் என்றதும் முகம் தொங்கிவிட்டது. என்ன வேலை என்று நான் சொல்லச் சொல்லச் செய்தார்:

துணி பிடுங்கிய விரிசலெல்லாம் கொத்திச் சுத்தம் பண்ணி, நல்ல கலவை அடைப்பது.

சுவரும் தளமும் சேரும் இடம் நறுக்கென்று இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் புகும். அதை வளைவாக உருட்டிப் பூசுவது.

கைப்பிடிச் சுவரில் குழாயை விட ஒரு கட்டை விரல் உயரத்தில் இன்னொரு துளை போட்டு, வெளியே நீட்டி ஒரு துண்டுக் குழாய். கீழ்க்குழாய் அடைத்தாலும் தண்ணீர் அது வழியாகத் தெருவில் கொட்டிவிடும்.

கடைசி யோசனை என்னுடையது. கம்பெனியில் ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல் இருக்கவேண்டும் என்று ஆடிட்டிங்கில் எப்போதும் கத்துவார்களே, அதிலிருந்து வந்தது. கொத்தனார் துளையைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "எக்கா, நீங்க கம்பெனிய விட்டுட்டு எங்கூட வேலைக்கு வந்துருங்க."

"நான் வந்தா நீங்க சித்தாளுங்க. சம்மதமுங்களா?"

அவர் (எங்கூட்டுக்காரர்) கலவை கலந்து கொடுத்தார். ஒரு துண்டுத்துணி கூட மேலே கொண்டு வரவில்லை. கையைத் துடைக்கக் கூட வேட்டியில்தான் துடைத்தார். ரோசம்.

அக்டோபர் 25, வியாழன்

முதல் மழை. கொஞ்ச நேரம்தான், ஆனால் கனமானது. நின்ற பிறகு வடக்கு ரூமில் கட்டில் மேல் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கறை அப்படியே இருக்கிறது, வரைபடம் போல். அதில் ஈரம் ஏறுகிறதா, ஏறுகிறதா என்று பார்த்துக் கண் வலித்தது.

ஏறவில்லை.

உப்புமா செய்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 31, புதன்

இன்று நடந்ததை எழுதியே தீரவேண்டும்.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பெனி தகரக் கூரையில் அடித்த மழையில் யார் பேசுவதும் காதில் விழவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பெண் கதவோரம் ஓடிப்போய், "தீதி, பாரிஷ்! பஹுத் பாரிஷ்!" என்று மழையைக் காட்டிக் குதித்தாள். எனக்குக் குதிக்க முடியவில்லை. தீபாவளிக்குப் போகவேண்டிய ஷிப்மென்ட், மேனேஜரிடம் பெர்மிசன் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டார். பீஸைப் பார்க்கிறேன், கண்ணுக்குக் கூடைதான் தெரிகிறது. நல்ல பீஸை ரிஜெக்டில் போட்டுவிட்டேன், அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவர் வண்டி. கீழே சரிந்து கிடந்தது. இந்த நேரத்துக்கு அவர் வரமாட்டாரே. கூப்பிட்டேன், பதில் இல்லை. செருப்பு ஒன்று படிக்கட்டில், ஒன்று முற்றத்தில். பயந்துவிட்டேன். மாடிக்கு ஓடினேன், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனது?

மழையில் நனைந்து கூடைப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலையில் துண்டு. கூடையைச் சுற்றிச் சேரும் பஞ்சைக் கையால் அள்ளி அள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகியிருந்தது என்ன? பனியன் துணி.

என்னைப் பார்த்ததும், "நீ திட்டறதுக்கு முன்னாலயே அவுத்துட்டேன்" என்றார்.

"எதைங்க அவுத்தீங்க?"

"காத்தால கூடைய சுத்தி ஒண்ணு கட்டிப்போட்டேன். ஓட்டை பெருசா இருக்குதேன்னு, ஒரு பாதுகாப்புக்கு. மழைச் சத்தம் கேட்டப்பறந்தான் எனக்கு வெடவெடன்னு வந்துருச்சு. கத்திரிய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

கட்டிங் மாஸ்டர் பாதி வெட்டில் கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்து வருவது என்றால் என்ன என்று திருப்பூரில் இருப்பவருக்குத்தான் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட வெட்டி முடித்துவிட்டுத்தான் வந்தாராம். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுகைதான் வந்தது. மழையில் தெரியவில்லை.

"நான் வர்றப்போ பக்கத்து ஓட்டைல தண்ணி கொட்டிட்டு இருந்துது சரசு. நீ போடச் சொன்னயே, அதுல. இல்லாட்டி அத்தனையும் உள்ளாறதான் எறங்கியிருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. துளையை அவரே போட்ட மாதிரி.

இறங்கி வந்து பார்த்தோம். வடக்கு ரூம் காய்ந்து கிடந்தது. இருவரும் சொட்டச் சொட்ட அங்கே போய் நின்றதில் தரைதான் ஈரமாயிற்று.

சுக்குக் காப்பி. அவருக்கு இரண்டு தும்மல். எனக்கு ஒன்று.

நவம்பர் 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அடைமழை. முறுக்கு சுட எண்ணெய் வைத்தேன். வாசலில் குடை மடக்கும் சத்தம். சம்.!

சொல்லாமல் கொள்ளாமல், சேவூரிலிருந்து பஸ் ஏறி, எங்கள் நல்லூர் வரைக்கும். கையில் ஒரு பை முருங்கைக்காய். "இந்தப் பக்கம் ஒரு சோலிங்க, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு." இந்த மழையில் என்ன சோலி? எனக்குத் தெரியாதா?

நேராக வடக்கு ரூமுக்கே அழைத்துப் போனேன். எதற்குச் சுற்றி வளைப்பது? கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கறை மேலேயே கண். முறுக்கைக் கையில் கொடுத்தால் கடிக்காமல் வைத்திருக்கிறார்.

மழை விட்டது. "சரிங்க, நான் கெளம்பறேன்" என்றார்.

நான் விடவில்லை. "இருங்க சம்பந்தி. எங்கூடு மழை நின்ன பொறகுதானுங்க ஒழுவும். இருந்து பாத்துட்டே போங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கவிதாவுக்குப் பசிக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று அதையும் இதையும் பேசினோம். தெருவில் தண்ணீர் வடிந்து, வெயில் கூட லேசாக எட்டிப் பார்த்தது. சொட்டு இல்லை.

"சரிங்க" என்றார் கடைசியில். "கார்த்திகைல நல்ல நாளாப் பாருங்க."

போகும் முன் மாடியைப் பார்க்கவேண்டும் என்றார். கூடையை வெகு நேரம் பார்த்தார். "ஏனுங்க, இதுக்குத் துணி கட்டக் கூடாதுங்களா?" கூடவே கூடாது என்றேன். "ஓ" என்றார். முகம் ஏதோ போல் ஆகிவிட்டது. தோற்றதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் திருப்தியாகக் கூட இருந்தது, மறைப்பானேன்?

பஸ் ஏற்றிவிட்டு வந்து கவிதாவுக்குப் போன். "அம்மா!" என்று கத்தினாள். அடுத்தது மூக்கை உறிஞ்சும் சத்தம்தான்.

நவம்பர் 8, வியாழன்

தீபாவளி. மழை, வெடி நமுத்துவிட்டது. அவர் பனியன் துணியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கப் பார்த்தார். பிடுங்கி வைத்தேன்.

சோற்றுக்கு வாங்க வேண்டியது: எலுமிச்சை, நல்லெண்ணெய், வேர்க்கடலை, வாழை இலை, புது ஈயச் சொம்பு. தேங்காய் சேவூரிலிருந்தே கொடுத்துவிடுவார்கள், கடையில் வாங்கினால் கேலி பண்ணுவார்கள்.

நவம்பர் 18, ஞாயிறு

கட்டுச்சோறு. கால் வலிக்கிறது, ஆனால் இன்று எழுதாவிட்டால் எப்போது எழுதுவது?

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. எல்லாம் நானே. வேனில் சேவூர் போய் இறங்கும்போதே வானம் கருத்திருந்தது. கவிதாவைப் பார்த்ததும் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைக்கக் கூட மறந்துவிட்டேன். கன்னம் பூரித்துப் போய், பச்சைப் பட்டில். என் பெண்ணா இது?

பந்தி உட்கார்ந்தது. அவர் முதல் வரிசை. நான் தயிர்ச்சோறு பரிமாறிக்கொண்டு வருகிறேன். வெளியே மழை அடித்துப் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அவர் இலையில், எலுமிச்சைச் சோற்றின் நடுவில் ஒரு சொட்டு.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். அடுத்த சொட்டு. சம். முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோ ஒரு அம்மா, "அட கெரகமே, இங்கயுமா?" என்றார்.

அவர் வாயைத் திறக்கப் போனார். பரிமாறும் சாக்கில் குனிந்து அவர் தோளைக் கிள்ளினேன். "எலைய சித்த அக்கட்டால நவுத்திப் போட்டுக்கலாமுங்க, காத்து நல்லா வரும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எத்தனை சொல்லியிருக்கலாம்! பதினைந்து நாளைக்கு முன்னால் இருந்த சரசு என்றால் சொல்லியிருப்பாள்.

பந்தி முடிந்ததும் சம். என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனார். அரிசி மூட்டைக்குப் பின்னால் இரண்டு பேசின். நிரம்பிக் கிடந்தது.

"இந்த ஐப்பசில இருந்துதானுங்க. இதுக்கு முன்னால எங்கூட்ல ஒரு சொட்டு உழுந்ததில்லீங்க. உங்கூட்டச் சொன்னவ நானு. எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க உங்ககிட்டக் கேப்பேன்?" கண்ணில் தண்ணீர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடி ஏறினேன். பின்னாலேயே சம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் வெற்றிலையை மெல்லாமல் பார்த்தார்கள். வடிகிற மூலை எது என்று பார்த்து, தேங்கிய தண்ணீரில் கையை விட்டேன். வேப்பிலை, தென்னம்பூ, சேறு. அதற்கு அடியில் இறுக்கமாக ஒரு முடிச்சு.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உருவி எடுத்தேன். ஆரஞ்சில் நீலக் கோடு.

"சம்பந்தி, இத யாருங்க கட்டுனது?"

"உங்கூட்டுக்காரருதானுங்க. போன வருசத் தீவாளிக்கு வந்தப்போ. பஞ்சு, குப்பை எதுவும் போவாது, நெம்ப நல்லதுன்னு அவரே மேல ஏறிக் கட்டிக் குடுத்தாருங்க. நீங்க கூடாதுன்னப்பறமும், சம்பந்தி கட்டுனத அவுக்க மனசு வல்லீங்க."

குளம் 'களக் களக்' என்று இறங்கியது. நான் கைப்பிடிச் சுவர் மேல் எட்டி அந்தத் துணியைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்தேன். அவர் வாசலில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். எழுந்து, மாட்டைப் பார்க்கிற மாதிரி மெல்லக் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

சம். முதலில் அவர் போவதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது பாருங்கள் இருவருக்கும்! மாடியில் நின்று, பட்டுச் சேலை நனைய, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கவிதா கீழேயிருந்து, "என்னம்மா? என்னங்கத்தே?" என்று கத்துகிறாள்.

வெங்காயக் கூடையைக் கொட்டிக் கொடுத்தார். கவிழ்த்து, மேலே கல் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு துளை போடவேண்டும், கொத்தனாரை அனுப்புகிறேன் என்றேன். "கொத்தனார் வேண்டாமுங்க, நீங்களே வாங்க" என்றார்.

வேன் கிளம்பும்போது கவிதாவின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "காஞ்ச ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. எனக்கு வெசனமில்லீங்க."

வழியெல்லாம் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பியே பார்க்கவில்லை. அவினாசி தாண்டிய பிறகு மெதுவாக, "துணி என்னமோ நல்ல துணிதான்" என்றார். கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நவம்பர் 20, செவ்வாய்

மழை. லீவு போட்டேன்.

கவிதா வடக்கு ரூமில், அந்தக் கட்டிலிலேயே தூங்குகிறாள். கறைக்கு நேர் கீழே தலை. வெள்ளையடிக்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்படியே இருக்கட்டும், நான் ஜெயித்த இடம் அது.

பழைய பேசின் இரண்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்ட ஆகும்.

பாசிப்பயறு ஊற வைக்க. கவிதாவுக்கு மாத்திரை. நிட்டிங்காரத் தம்பி வீட்டுக்குக் கொஞ்சம் எள்ளுருண்டை.

மழை வலுக்கிறது. அவர் மாடிப்படி ஏறும் சத்தம். கையில் என்ன கொண்டு போகிறார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.